பதிவர் சந்திப்பில் பதினோரு ஜோடிச் செருப்பு

விருதுநகர் வலைப்பதிவர் சந்திப்பில் சிறந்த பதிவுக்கான கேடயம் உங்களுக்குத்தான் என்று அமைப்பாளர் சீனிச்சாமி போனில் சொன்னபோது, சாபிர் முதலில் கேட்ட கேள்வி, “என் பேரச் சொல்லுவீங்களா சார்?” என்பது. சொல்ல மாட்டோம், புனைபெயரை மட்டும்தான் சொல்லுவோம் என்றார் அவர். அப்பாடா என்று இருந்தது சாபிருக்கு. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சாபிர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்பவன். மயிலுக்கும் புலிக்கும், ராக்கெட்டின் மேல் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் கலர் சேர்ப்பது பகல் வேலை. மற்ற நேரத்தில் ‘புஸ்வாணம்’ என்ற பெயரில் வலைப்பூ எழுதினான். வலைப்பூவெல்லாம் செத்துப் பத்து வருஷமாகிறது என்று ஊரே சொன்ன பிறகு அவன் ஆரம்பித்தது அது. துக்கம் கேட்க வருகிறவர்களைப் போலப் பத்தொன்பது வாசகர்கள் தவறாமல் வந்து, “அருமை, தொடருங்கள்” என்று எழுதிவிட்டுப் போவார்கள். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியதற்கும் அருமை, தொடருங்கள்தான்.

கேடயம் கிடைத்த பதிவு வேறு ரகம். அதை நானூறு பேர் படித்திருந்தார்கள். அதில் இருந்த விஷயம் அவனுடையது அல்ல. ஒரே காம்பவுண்டில் பக்கத்து வீட்டில் இருக்கும் கற்பகவல்லி சொன்னது.

கற்பகவல்லி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகப் போகிறவள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. போன் சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் சாபிரிடம் கொண்டுவந்தவள், அவன் அதை நோண்டிக்கொண்டிருக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

வெடிமருந்து கிடக்கும் ரூமுக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. ஓர் உரசல் போதும். அதனால் செருப்பெல்லாம் வாசலில்தான் கிடக்கும். ஒரு ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். சீசனில் பதினோரு பேர் இருப்பார்கள் என்பது நடப்பு. சோதனைக்கு வருகிற அதிகாரி ரூமுக்குள் தலையை விட மாட்டார். அவருக்கும் உயிர் பயம் இருக்கும் அல்லவா? தூரத்தில் நின்றே வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிக்கொண்டு போவார். ஆகவே கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டதும், கதவோரம் உட்காரும் கற்பகவல்லி எழுந்து, நாலு ஜோடியை வாசலில் விட்டுவிட்டு மீதி ஏழு ஜோடியைச் சாக்கில் அள்ளி உள்ளே வைத்துவிடுவாள்.

“ஒரு நாளு அவசரத்துல எட்டும் எடது கால் செருப்பா விட்டுட்டேன் தம்பி. ஆபீசரு எண்ணிப் பாத்தாரு. எட்டு இருக்கு, சரின்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அம்புட்டுத்தான். அப்பறமா மேனேஜர்தான் என்னய அங்கன நிக்க வச்சு வஞ்சாரு.”

இதைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்கிறவன் வலைப்பதிவன் அல்ல. சாபிர் கம்பெனி பெயரை விட்டான், ஊரை விட்டான், அவள் பெயரை விட்டான், தன் பெயரையும் விட்டான். மீதியை எல்லாம் எழுதினான். எட்டு இடது கால் செருப்பையும் எழுதினான்.

சந்திப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகள் மேடையில் இன்னும் இருந்ததால், சந்திப்பு முழுவதும் ‘விக்னேஷ்குமார் – பொன்னுத்தங்கம்’ என்பதற்கு அடியில்தான் நடந்தது. பத்து மணிக்கு வரவேற்புரை. பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் சுய அறிமுகம். வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு பொன்னாடையும் உண்டு என்பதால், ஒருவருக்குப் போர்த்தியதை மடித்து அடுத்தவருக்குப் போர்த்தி, முன்வரிசையில் மட்டும் ஒரே பொன்னாடை நாலு தோள் ஏறி இறங்கியது. ‘வாசகர் எண்ணிக்கையைப் பெருக்குவது எப்படி’ என்று பேசியவர் கூட்டம் கலைந்துவிடக் கூடாதென்று வாசல் கதவைச் சாத்தச் சொன்னார்.

சாபிரின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘புஸ்வாணம்’ என்று மட்டும் இருந்தது. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் “அடடே, புஸ்வாணமா? வாங்க, வாங்க” என்று கை கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெயரில் அவனை யாரோ தொட்டார்கள். சுகமாகத்தான் இருந்தது.

மேடையோரத்து பேனரில் ‘மதிய உணவு உபயம்’ என்று ஒரு கம்பெனி பெயர் இருந்தது. சாபிர் இரண்டு தடவை வாசித்தான். கற்பகவல்லி போகிற கம்பெனி. இந்த மாவட்டத்தில் கோயில் கொடையா, பள்ளி ஆண்டு விழாவா, கண் சிகிச்சை முகாமா, எதுவாக இருந்தாலும் சோறு ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும். அதில் அதிசயம் இல்லை. சாபிருக்குச் சிரிப்பு வந்தது. இதை வைத்தே அடுத்த பதிவு எழுதலாம் என்று முதல் வரியையும் மனதுக்குள் யோசித்துவிட்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஹஸ்னா. விருதுநகர்க்காரி, மசாலா வியாபாரக் குடும்பத்து மருமகள், ‘அடுப்படி அரசியல்’ என்று எழுதுகிறவள். சாபிரின் பத்தொன்பது வாசகர்களில் உண்மையாகவே படிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று அவனுக்குப் பல நாள் சந்தேகம்.

“நீங்கதான் புஸ்வாணமா? எழுத்தப் பாத்து அம்பது வயசு ஆளுன்னு நெனச்சேன். மீசையே இப்பத்தான் எட்டிப் பாக்குது.”

“எழுதும்போது மட்டும் வயசாயிருது அக்கா. நீங்க ஏன் மூணு மாசமா எழுதல?”

“எங்குட்டு எழுத? எங்க மாமியா கைல இருந்து அம்மிக் குழவிய வாங்கி ஒளிச்சு வச்சிருக்காக எங்க வீட்டுல.” சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “தெரிஞ்ச ஒரு பெரியம்மா கறிக்குழம்புக்குப் பாதாம் அரைச்சு ஊத்துறேன்னு சொந்தக்காரகள்ட்டயெல்லாம் சொல்லுவாக, உண்மையில அது பொட்டுக்கடலை அப்பிடின்னு எழுதுனேன். பேரு போடல. ஊரு போடல. ஒறமொற போடல. மறு நாளே வீட்டுல பூகம்பம்.”

“பேரு போடாம எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க?”

“நல்லாக் கேட்டீக போங்க. அது பொட்டுக்கடலைன்னு ஒலகத்துல தெரிஞ்சவுக ரெண்டே பேரு. ஒண்ணு, ஊத்துன எங்க மாமியா. இன்னொண்ணு, அரைச்சுக் குடுத்த நானு. பேரு எதுக்கு? அந்தப் பொட்டுக்கடலையே போதாதா?”

சாபிர் சிரித்தான். அடுத்த கவளத்தைப் பிசையும்போது சிரிப்பு பாதியில் நின்றது. எட்டு இடது கால் செருப்பு. அது தெரிந்தவர்கள் ரூமில் இருந்த பத்துப் பேர், திட்டு வாங்கிய கற்பகவல்லி, திட்டிய மேனேஜர். அதைச் சிரித்துக்கொண்டு வெளியே சொல்லக்கூடியவள் அவர்களில் ஒருத்திதான். நானூறு பேர் படித்த பிறகும் அவள் மாட்டிக்கொள்ளாததற்குக் காரணம், மேனேஜர் வலைப்பூ படிக்கிறவர் அல்ல என்பது மட்டுமே.

“கேடயம் யாரு குடுக்குறது அக்கா?”

“சாப்பாடு போட்டவுகதான். அந்தா, அப்பளத்த நொறுக்கிட்டு இருக்காரு பாருங்க, சபாரி சட்டக்காரரு. மேனேஜர் அழகுராஜா. மேடையில பதிவ வாசிச்சுட்டுத்தான் குடுப்பாக.”

சாபிர் இலையை மூடிவிட்டு எழுந்தான். கை கழுவும் இடத்திலேயே போனை எடுத்து அந்தப் பதிவை அழித்தான். பிறகு சீனிச்சாமியைத் தேடிப் பிடித்தான்.

“சார், என் பதிவ வாசிக்க வேண்டாம் சார். கேடயமும் வேண்டாம்.”

சீனிச்சாமி அவன் தோளில் கை வைத்தார். “இந்த அடக்கம் இருக்கு பாருங்க, இது இந்தக் காலத்துப் பிள்ளைககிட்ட ஏது?”

“அடக்கம் இல்ல சார். பதிவயே அழிச்சிட்டேன்.”

“அதுக்கென்ன? நான் முந்தாநாளே பிரிண்ட் எடுத்து வச்சிட்டேன். நெட்ட நம்பி நிகழ்ச்சி வைக்க முடியுமா தம்பி?”

“சார், ஒரு ஆளுக்குப் பிரச்சனையாயிரும்.”

“பேரு எங்கயுமே இல்லையே! நான் நாலு தடவ படிச்சேன். சுத்தமா இருக்கு” என்றவரை யாரோ மைக் சரியில்லை என்று கூப்பிட, போய்விட்டார்.

மூன்று மணிக்கு வாசித்தார். சீனிச்சாமிக்கு நல்ல குரல். இத்தனை நாளும் தன் எழுத்தை யாராவது இப்படி வாசிக்க மாட்டார்களா என்று ஏங்கியவன் சாபிர். இப்போது அவர் எங்கேயாவது தடுக்கி விழுந்து ஒரு பத்தி விட்டுப்போக வேண்டும் என்று இருந்தது. அவர் ஒரு கமாவைக்கூட விடவில்லை. ‘பதினோரு ஜோடி’ என்றதும் மண்டபம் நிமிர்ந்தது. அழகுராஜா மேடையில் கால்மேல் கால் போட்டுச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சாக்கு வந்ததும் காலை இறக்கினார். எட்டு இடது கால் செருப்பு வந்தபோது மண்டபம் முழுக்க வெடித்துச் சிரித்தது. அழகுராஜா சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயை ஒற்றிக்கொண்டார். அப்பளம் சாப்பிட்டு ஒரு மணி நேரமாகியிருந்தது.

புஸ்வாணம் மேடைக்கு அழைக்கப்பட்டான். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல், அழகுராஜா மைக்கை வாங்கினார்.

“ரொம்ப நல்லா எழுதிருக்கீக தம்பி. இது எந்தக் கம்பெனின்னு சொன்னா எங்களுக்கும் பாடமா இருக்கும்.”

“எந்தக் கம்பெனியும் இல்ல சார். கற்பனை.”

“பதினோரு பேரா?”

“முதல்ல பத்துன்னுதான் எழுதுனேன். பத்துன்னா கட்டுன கதை மாதிரி இருந்துச்சு. அதான் ஒண்ணு கூட்டிக்கிட்டேன்.”

“அந்தச் சாக்கு?”

“கற்பனை.”

“எட்டு எடது கால் செருப்பு?”

“அது எனக்கே கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு சார். சிரிக்கட்டும்னு போட்டேன்.”

மண்டபம் மறுபடியும் சிரித்தது. சீனிச்சாமியின் முகம் மட்டும் வாடிவிட்டது. கேடயத்தில் ‘சிறந்த சமூகக் கட்டுரை’ என்று பொறித்திருந்தது. கற்பனை என்றால் அது கட்டுரையில் எப்படிச் சேரும்? மேடையிலேயே நாலு பேர் குசுகுசுவென்று பேசி, ‘சமூகக் கட்டுரை’ என்பதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, ‘சிறுகதை’ என்று பேனாவால் எழுதினார்கள். இரண்டாம் வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, சிறுகதைக் கேடயம் தனக்கு என்றுதான் போனில் சொன்னார்கள் என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்த மிச்சமிருந்த பொன்னாடை பயன்பட்டது.

அழகுராஜா கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் குலுக்கினார். போட்டோ எடுத்து முடித்த பிறகும் கையை விடவில்லை. “கற்பனைக்கும் ஒரு ஆளு வந்து சொல்லணும்லப்பா” என்றார், மைக்கில் கேட்காதபடி. பிறகு விட்டார்.

கீழே இறங்கியதும் ஹஸ்னா கேடயத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “நெசந்தானே அம்புட்டும்?” என்றாள். சாபிர் கேடயத்தில் ஒட்டிய வெள்ளைத் தாளை விரலால் அழுத்திவிட்டான். “பொட்டுக்கடலை” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

அன்று சாயங்காலம் கற்பகவல்லி வீட்டுக் கதவைத் தட்ட சாபிருக்குத் துணிவு வரவில்லை. கற்பனை என்று சொல்லியாகிவிட்டது, எல்லோரும் சிரித்தாகிவிட்டது, முடிந்தது என்று தனக்கே பல தடவை சொல்லிக்கொண்டான். கடைசித் தடவை சொல்லும்போது அவனுக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் அவளைத் தெருமுக்கில் இறக்கிவிட்டபோது சாபிர் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவள் தூக்குவாளியோடு இறங்கி, அவனைப் பார்த்ததும் நேராக வந்தாள்.

“எழுத்தாளரே, விருதெல்லாம் வாங்கிட்டீகளாமே. மேனேஜர் சொன்னாரு.”

“அக்கா, நான் பேரு எதுவும்…”

“தெரியும். காலைல எங்க ரூமு ஆளுகள வரிசையா நிப்பாட்டி, ‘எவளோ ஒருத்தி கத சொல்லிருக்கா. சனிக்கிழமைக்குள்ள தானா வந்து ஒத்துக்கிட்டா அவ ஒருத்தியோட போகும். இல்லாட்டி இந்த ரூமு அம்புட்டுப் பேரும் வேற கம்பெனி பாத்துக்கோங்க’ன்னுட்டாரு. சொல்லும்போது என் மூஞ்சியத்தான் பாத்தாரு.”

“நான் கற்பனைன்னு சொன்னேன் அக்கா. அத்தன பேரு முன்னால சொன்னேன்.”

“அதுவும் சொன்னாரு. ‘பய நல்லா சமாளிச்சான், ஆனா நான் முட்டாப்பய இல்ல’ன்னாரு.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் சாபிருக்குத் தாங்கவில்லை. “இன்னொண்ணு கேளுங்க. இனிமே செருப்ப வேன்லயே விட்டுட்டு எறங்கணுமாம். வாசல்ல ஒண்ணுகூடக் கெடக்கக் கூடாதாம். ஆபீசரு வந்தா நாலு ஜோடிய ஆபீஸ்ல இருந்தே கொண்டாந்து வைப்பாகளாம், புதுசா வாங்கி வச்சிருக்காக. சாக்கும் இல்ல, பயமும் இல்ல. அந்தத் தகிரியத்துல இன்னைக்கு எங்க ரூமுல பன்னெண்டு பேரு.”

அறுபத்திரண்டு பதிவர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில், கேட்டதை மறுநாள் காலையிலேயே செயல்படுத்தியவர் அழகுராஜா ஒருவர்தான்.

“நான் ஒங்கள்ட்ட ஏன் சொன்னேன்னு நெனச்சீக?” என்றாள் கற்பகவல்லி. “சிரிப்பாச் சொன்னேன், சரி. ஆனா எழுதுவீகன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். எவனாவது படிச்சிட்டு வந்து, உள்ள தலைய விட்டு எண்ணட்டும்னுதான். இப்ப அது பொய்யின்னு நீங்களே சர்டிபிகேட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீக.”

“ஒங்க வேல போயிருமேன்னு…”

“இப்ப மட்டும் போகாதாக்கும்?” தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள். “சனிக்கிழம நானே போய் ஒத்துக்கிறப் போறேன். மத்த பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு? சரி, போங்க. ஒங்க உம்மா தேடுவாக.”

சாபிருக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. யார் சொன்னார் என்பதுதான் அழகுராஜாவுக்கு வேண்டும். யாருமே சொல்லவில்லை என்றால் நம்ப மாட்டார். சொன்ன ஆள் இல்லாமல் ஒருவனுக்கு விஷயம் தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு: அவனே பார்த்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் பெட்டிகளுக்கு லேபிள் போவது சாபிர் வேலை செய்யும் அச்சகத்திலிருந்துதான். சீசனில் அச்சகத்துக்கு அதைவிடப் பெரிய ஆர்டர் கிடையாது. இத்தனை நாள் பெயரை மறைத்ததே அதற்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, லேபிள் கட்டுகளை ஏற்றிய லோடு ஆட்டோவில் அவனும் ஏறிக்கொண்டான். கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காதவன் லோடு இறக்கப் போகிறானே என்று ஓனர் ஆச்சரியப்பட்டார். “கலர் சரியா இருக்கான்னு அவுக முன்னாலயே பாத்துட்டு வந்துர்றேன் அண்ணே” என்றான் சாபிர். கேட்டில் இருந்தவர் நீட்டிய நோட்டில் பெயர் எழுத வேண்டியிருந்தது. முழுப்பெயரையும் எழுதி, வாப்பா பெயரையும் எழுதி, போன் நம்பரையும் எழுதினான்.

லேபிள் குடோனுக்குப் போகிற வழி ரூம்களை ஒட்டியே போயிற்று. ஒரு வாசலிலும் செருப்பு இல்லை. லேபிள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று உள்ளே பார்த்தபடி போனான். ஐந்தாவது ரூமில் கதவோரம் கற்பகவல்லி இருந்தாள். அவனைப் பார்த்ததும் கண்ணில் ஒரு பதற்றம் வந்து போயிற்று. அவனை முன்பின் தெரியாதவள் போலக் குனிந்து திரி சொருகினாள். சாபிர் எண்ணினான். அவளைச் சேர்த்துப் பன்னிரண்டு. காலை மடக்க இடமில்லாமல், ஒருத்தி முழங்கால் அடுத்தவள் முதுகில் இடிக்கும்படி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தட்டில் மருந்து. எழுதும்போது இந்த முழங்கால் அவனுக்குத் தெரியாது.

“ஏலே, அங்கன என்னலே வேடிக்க?”

அழகுராஜா வந்துகொண்டிருந்தார். கிட்டே வந்ததும் நின்றார். முகத்தை அடையாளம் தெரிந்துவிட்டது.

“நீ… புஸ்வாணம்ல?”

“சாபிர் சார். லேபிள் போடுற பிரஸ்ல டிசைனரு.”

“நம்ம பிரஸ்ஸா?” அவர் குரல் மெதுவானது. “எங்க சோத்தத் தின்னுக்கிட்டேவாலே எழுதிருக்க? யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல சார். போன மாசம் லேபிள் இறக்க வந்தப்ப நானே பாத்தேன். சாக்க அந்தக் கதவுக்குப் பின்னால வச்சிருந்தாக. எட்டு எடது கால் செருப்புக்கு நீங்க வஞ்சதும் இங்கன நின்னுதான் கேட்டேன்.”

அவன் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் உண்மையைக் கற்பனை என்று சொன்னபோது நடுங்கிய குரல், இன்று கற்பனையை உண்மை என்று சொல்லும்போது நடுங்கவில்லை.

“அன்னைக்கி மேடையில பொய் சொன்னேன் சார். இன்னைக்கி எண்ணிட்டேன். பன்னெண்டு பேரு இருக்காக. இத எம்பேர்லயே எழுதப் போறேன். கம்பெனி பேரோட.”

அழகுராஜா ரூமுக்குள் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கற்பகவல்லியின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு, சாபிரின் தலைமேல் இருந்த கட்டைக் காட்டினார்.

“அதத் திருப்பிக் கொண்டு போயிரு. ஒங்க ஓனர்ட்ட நான் பேசிக்கிறேன். இந்த நிமிசத்துல இருந்து ஒங்க பிரஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல.”

“சரி சார்.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். சாபிர் தலையில் கட்டோடு நின்றான். இந்நேரம் திருத்தங்கலில் ஓனரின் போன் அடித்துக்கொண்டிருக்கும். அந்த ஆர்டரை நம்பி அச்சகத்தில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள், அவர்களை அவன் எண்ணவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ரூமுக்குள் பன்னிரண்டு பேரின் கைகளும் நிற்காமல் திரி சொருகிக்கொண்டிருந்தன.